கத்திரி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம்

வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் பலகாரம் சுட்டுச் சாப்பிடுகிற ஊர் ஒன்று உண்டு. நார்வே நாட்டின் வடகோடியில் இருக்கும் ட்ரொம்ஸோ. நவம்பர் கடைசியில் அங்கே அடிவானத்துக்குக் கீழே போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். ஊரைச் சுற்றி மலை என்பதால் மக்கள் கண்ணில் படுவதற்கு ஜனவரி 21 ஆகிவிடும். அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் ‘ஸூல்பொல்லெ’ சாப்பிடுவார்கள். ஸூல் என்றால் சூரியன், பொல்லெ என்றால் உருண்டை ரொட்டி. உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த பண்டம்.

அதே நாட்டின் தெற்கே, ஆழமான பள்ளத்தாக்கில் ர்யூக்கன் என்றொரு சிற்றூர். அங்கே துருவ இரவு இல்லை. குளிர்காலத்திலும் சூரியன் உதிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏறத்தாழ ஆறு மாதம் மலையின் தலையைத் தாண்டி அது எழும்புவதில்லை. டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்துக்குள்தான் நிற்கிறது. 1928-இல் அந்த ஊரில் மலைமேல் ஒரு கம்பிவட வண்டி போட்டார்கள். ஊர்மக்கள் ஏறிப்போய்க் கொஞ்சம் வெயில் காய்ந்துவிட்டு வரத்தான். 2013 அக்டோபரில் மலைச்சரிவில் தலா 17 சதுர மீட்டர் பரப்புள்ள மூன்று கண்ணாடிகளை நிறுத்தினார்கள். கணினி அவற்றைச் சூரியனுக்கேற்பத் திருப்பிக்கொண்டே இருக்கும். மேலே படும் ஒளி கீழே ஊர்ச் சதுக்கத்தில் வந்து விழும். அந்தக் கண்ணாடிக்குப் பெயர் ‘ஸூல்ஸ்பெய்லெ’, சூரியக் கண்ணாடி. ஆட்கள் அதன் கீழே போய் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்கள்.

இப்படிச் சூரியனோடு இன்னொரு சொல்லை ஒட்டி ஒட்டியே நார்வேக்காரர்கள் பேசுவார்கள். தெற்குப் பார்த்த சுவர் ‘ஸூல்வெக்’; ஈஸ்டர் விடுமுறையில் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்வது அவர்களுக்குப் பெரிய சுகம். வெயிலுக்கே பெயர் ‘ஸூல்ஷின்’. பின்பாதியில் இருப்பது மினுக்கம், ஒளிர்வு. ஆங்கிலத்தின் சன்ஷைன், ஜெர்மனின் ஸொன்னென்ஷைன் எல்லாம் இதே அச்சில் வார்த்தவைதான். மூன்று மொழிக்கும் வெயில் என்றால் வெளிச்சம்.

நமக்கு அப்படி இல்லை. வேகுதல், வெம்மை, வெந்நீர், வெப்பம், வேனில், வெய்யோன் என்று வரிசையாக நிற்கிற சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்தது வெயில். கண்ணை விட்டுவிட்டுத் தோலைப் பிடித்துக்கொண்ட சொல். கன்னடத்திலும் இதே கதை: ‘பிஸி’ என்றால் சூடு, ‘பிஸிலு’ என்றால் வெயில். தெலுங்கு மட்டும் வேறு வழியில் போயிற்று. அங்கே வெயிலுக்கு ‘எண்ட’. ‘எண்டு’ என்றால் காய்தல், உலர்தல். பல நூற்றாண்டுக்கு முன்னால் ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்தில், ஒரே தெருவில் ஒரே மத்தியானத்துக்கு இரண்டு சொல்லும் புழங்குகின்றன. ஒரு வீட்டில் அது வேக வைக்கிறது. அடுத்த வீட்டில் காய வைக்கிறது. சித்திரையில் மொட்டை மாடியில் வேட்டியை விரித்துக் கூழ்வடகம் பிழிகிறவர்களுக்கு இரண்டும் சரிதான்.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருப்பது கவிதை இல்லை, கோணக் கணக்கு என்றுதான் தோன்றுகிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற வன்னியம்பட்டி, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை வடக்கே. மார்கழியில், வருடத்திலேயே சூரியன் மிகத் தாழ்ந்து போகிற நாளிலும், இங்கே நடுப்பகலில் அது 57 பாகை உயரத்தில் நிற்கும். ர்யூக்கனில் 7-ஐத் தொடவில்லை என்று பார்த்தோம். சமதரையில் விழுகிற நேர்க்கதிரின் வலு அந்தக் கோணத்தைப் பொறுத்தது. தலைக்கு நேரே இருக்கும்போது நூறு என்று வைத்துக்கொண்டால் வன்னியம்பட்டியின் மார்கழி மத்தியானத்துக்கு 84, ர்யூக்கனுக்கு 12. சாய்ந்து வரும் கதிர் காற்று மண்டலத்தை நெடுந்தூரம் கடந்து வருவதில் இழப்பதைச் சேர்த்தால் அந்தப் பன்னிரண்டும் மிஞ்சாது. அவ்வளவு மெலிந்த கதிர் ஒளியாக மட்டுமே தெரியும்; சுடாது. அதனால்தான் அவர்கள் ஒளியைப் பெயராக வைத்தார்கள் போலும்.

அந்த மெலிந்த கதிர் நமக்கும் கிடைக்கிறது, காலையிலும் மாலையிலும் மட்டும். அதற்குத்தான் இளவெயில், மஞ்சள் வெயில் என்று வாஞ்சையான பெயர்கள். சாய்ந்த கதிர் நீளமான காற்றுப் பாதையில் வரும்போது நீல நிறம் வழியிலேயே சிதறிப்போகிறது. மிச்சம் மஞ்சளும் சிவப்பும். நீலத்தோடு புற ஊதாக் கதிரும் போய்விடுகிறது. ஆகவே இளவெயில் உடம்புக்கு இதம்; ஆனால் வைட்டமின் டி-க்காக விடிந்ததும் மாடியில் போய் நிற்பது பெரும்பாலும் வீண் வேலை. நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருக்கிற வரைக்கும் தோலில் அந்த வைட்டமினைச் செய்யக்கூடிய கதிர் கொஞ்சம்தான் வந்துசேரும். வன்னியம்பட்டியில் சித்திரை மாதம் நிழல் ஆள் உயரத்துக்குச் சுருங்க காலை ஒன்பதேகால் ஆகிறது; மார்கழியில் பத்தேகால் ஆகிவிடும்.

சாயங்கால வெயிலில் மலைக்கும் பங்கு உண்டு. மேற்கே தொடர்ச்சி மலை மதில்போல நிற்பதால் இந்தப் பக்கத்து ஊர்களில் பஞ்சாங்கம் சொல்கிற அஸ்தமனம் ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற அஸ்தமனம் இன்னொன்று. நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் கணக்கு சுலபம்: மலை ஒரு பாகை மறைத்தால் 4 நிமிடம் முன்னதாகப் பொழுது சாய்கிறது. கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. மலைமுகடு அரை முஷ்டி உயரத்துக்குத் தெரிகிற இடத்தில் நின்றால் 20 நிமிடம் போச்சு. ர்யூக்கனுக்கு ஆறு மாதத்தைத் தின்கிற அதே சங்கதி, இங்கே அந்தி நேரத்தில் கொஞ்சம் நிழலைக் கொடுத்துவிட்டுப் போகிறது. யாரும் கண்ணாடி நிறுத்தச் சொல்லி மனுக் கொடுக்கப் போவதில்லை.

இனி, நம்முடைய பிரபலமான கூட்டுச்சொல்லுக்கு வரலாம்: கத்திரி வெயில்.

பின்பாதி தெரிந்தது. முன்பாதிக்கும் கத்திரிக்காய்க்கும் சம்பந்தம் இல்லை, கத்திரிக்கோலோடுதான் சம்பந்தம். வெட்டும் கருவியைக் குறிக்கிற ‘கர்த்தரி’ என்ற வடசொல் சோதிடத்தில் ஆகாத காலத்துக்குப் பெயராகித் தமிழில் கத்திரியாயிற்று. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் இன்னும் ‘கர்த்தரி’ என்றே போடுகிறார்கள். அங்கே மே முதல் வாரத்தில் தொடங்குவது டொல்லு கர்த்தரி, அடுத்த வாரம் வருவது நிஜ கர்த்தரி. வீட்டுக்கு வானம் தோண்டாதே, கிணறு வெட்டாதே, மரம் வெட்டாதே என்கிற கட்டளைகள் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். ராஜபாளையத்து வீடுகளுக்கு இதிலாவது சண்டை இல்லை.

கத்திரிக்கு இன்னொரு பெயர் அக்னி நட்சத்திரம். கார்த்திகை நட்சத்திரத்துக்கு அதிதேவதை அக்னி. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைவது தொடங்கி, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை விடுகிற வரைக்கும் அக்னி நட்சத்திரம். சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது மே 4 முதல் 28 வரை. அந்த நட்சத்திரக் கொத்தை நாம் பார்ப்பது கார்த்திகை மாதத்தில். பொழுது சாயும் நேரத்தில் கிழக்கே எழும்பும். ஆறு மாதம் கழித்து சூரியன் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது, அப்போது அது கண்ணுக்குத் தெரியாது. நானூறு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிற அந்த விண்மீன்கள் நம் வெயிலுக்கு ஒரு கரண்டி சூட்டைக்கூடச் சேர்ப்பதில்லை. அவை சூரியன் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற மைல்கல், அவ்வளவுதான். வானிலை ஆய்வு மையம் அக்னி நட்சத்திரம் என்ற கணக்கையே வைத்துக்கொள்வதில்லை என்று அதிகாரிகள் வருடாவருடம் சொல்கிறார்கள். பத்திரிகைகள் வருடாவருடம் ‘கத்திரி தொடங்கியது’ என்று போடுகின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், கத்திரி நாட்களில் சூரியன் வன்னியம்பட்டியின் தலைக்கு மேலே இருப்பதே இல்லை. அது உச்சியில் நிற்பது சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 14, 15-இல். அன்றைக்குச் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் ஏமாறுவீர்கள். நம் கடிகாரம் இந்தியா முழுமைக்கும் பொதுவான 82.5 பாகைத் தீர்க்கரேகைப்படி ஓடுகிறது, நாமோ அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். ஆகவே 12 மணி 20 நிமிடத்துக்கு, ஊருக்குப் பிரிகிற விலக்கில் நிற்கிற மின்கம்பத்தைப் பாருங்கள். நிழல் கம்பத்தின் காலடிக்குள் ஒடுங்கியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினோரு நிலைக் கோபுரமும் அந்த நேரத்தில் தன் நிழலைத் தெருவுக்கு விடாது.

பிறகு ஒவ்வொரு நாளும் சூரியன் வடக்கே நகர்கிறது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில் உச்சியில் இருந்தது சென்னைக்கு 24-இல் வந்துவிடும். கத்திரி பிறக்கும்போது தமிழ்நாட்டின் எல்லையையே தாண்டியிருக்கும். மே 4 முதல் 28 வரை சூரியன் யார் தலைக்கு நேரே போகிறது என்று கணக்குப் போட்டால் விஜயவாடா, ஹைதராபாத், மும்பை, நாக்பூர் என்று வருகிறது. வன்னியம்பட்டியில் அப்போது நடுப்பகல் நிழல் தெற்கே விழும். பத்தடிக் கம்பத்துக்கு ஓர் அடிக்குச் சற்று மேலே ஆரம்பித்துக் கத்திரி முடியும்போது இரண்டடி நீளம். ஜன்னலைத் தெற்கே வைத்தவர்கள் பிழைத்தார்கள். வடக்குச் சுவர் காய்கிறது.

ஆனாலும் மே மாதம் ஏப்ரலுக்குச் சளைக்காமல் சுடுகிறதே? அந்தச் சிறு சாய்வால் கதிரின் வலு இரண்டு சதவீதம்தான் குறைகிறது, அது ஒன்று. நிலம் சூட்டைச் சேர்த்து வைக்கிறது, இது முக்கியமானது. அடுப்பைத் தணித்த பிறகும் தோசைக்கல் முன்னைவிடச் சுடுவதுபோல, உள்ளே வருகிற சூடு வெளியே போவதைவிட அதிகமாக இருக்கிற வரைக்கும் தரை காய்ந்துகொண்டே போகும். தினமும் நடப்பதும் இதுதான்: உச்சிவேளை 12.20, ஆனால் புழுக்கம் உச்சத்துக்குப் போவது இரண்டு, மூன்று மணிக்கு. விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் தரை நிறத்தினாலேயே கதிரை விழுங்கிக்கொள்கிற தரை. அறுவடை முடிந்து ஈரமில்லாமல் வெடித்துக் கிடக்கும்போது ஆவியாக்குவதில் செலவாக வேண்டிய சூடும் மண்ணிலேயே தங்கிவிடும்.

அதற்கப்புறம் காற்று வந்து கணக்கையெல்லாம் மாற்றுகிறது. மே கடைசியில் மேல்காற்று வலுக்கத் தொடங்கும். கேரளப் பக்கம் ஏறும்போது ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது அந்தக் காற்று நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். அதே காற்று தமிழ்நாட்டைக் குறுக்காகக் கடந்து சென்னைக்குப் போய்ச் சேரும்போது கடற்காற்றை உள்ளே வரவிடாமல் நெட்டித் தள்ளுகிறது. சென்னையில் பதிவான மிக அதிக வெப்பநிலை 45 டிகிரி. 2003 மே 31-இல். பஞ்சாங்கப்படி கத்திரி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது! இங்கே மலையடிவாரத்தில் நிலவரம் வேறு. முகட்டைத் தாண்டி வழிகிற மேகம் வெயிலை மறைக்கிறது, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று நுழைகிறது, ஜூனில் குற்றாலத்தில் சாரல். அதாவது ஒரே காற்று, தென்காசிக்குச் சாரலையும் சென்னைக்கு அனலையும் ஒரே வாரத்தில் கொடுக்கிறது. பழந்தமிழில் ‘கோடை’ என்ற ஒரே சொல் வேனிற்காலத்துக்கும் மேற்குக் காற்றுக்கும் வழங்கியது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காய வைக்கிற வெயிலுக்கும் காற்றில்தான் பாதி உயிர். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, வெட்டவெளியில் காயப் போடுகிறார்கள்; சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் வேரூன்றியதற்கு வறண்ட வெயிலும் ஒரு காரணம். துணியிலிருந்து ஈரம் போக வேண்டுமானால் அதை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். கடலோரத்தில் 38 டிகிரியில் காயாத துணி இங்கே அதே சூட்டில் சீக்கிரம் மொடமொடத்துப் போவது அதனால்தான். தெலுங்கின் ‘எண்ட’ அளப்பது இந்த வறட்சியை; வெப்பமானியில் அது தெரியாது.

வெயிலை அளக்க ஒரு கருவியே இருக்கிறது. 1853-இல் ஜான் ஃபிரான்சிஸ் கேம்பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்ணாடிக் கோளம் ஒன்றை வெயிலில் வைத்தார். 1879-இல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் அதைத் திருத்தினார். கோளத்துக்குப் பின்னால் நீளமான அட்டை. சூரியன் நகர நகர, குவிந்த கதிர் அட்டையைக் கருக்கிக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். சாயங்காலம் கரிக்கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று சொல்லிவிடலாம். நம் நாட்டு வானிலை நிலையங்களிலும் இந்தக் கருவி பல காலம் உழைத்திருக்கிறது. இப்போது உலக வானிலை அமைப்பு, நேர்க்கதிர் சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால் வெயில் என்று வரையறை வைத்திருக்கிறது. அட்டை கருகத் தொடங்குகிற அளவுகளைப் பார்த்துத்தான் இந்த எண்ணுக்கு வந்தார்கள். ஒளியைக் கொண்டு பெயர் வைத்த வடக்கத்தி நாட்டார், கடைசியில் வெயிலை வேக்காட்டைக் கொண்டே அளந்தார்கள்.

கத்திரிக்குத் திரும்புவோம். சூரியன் தமிழ்நாட்டின் உச்சியைக் கடப்பது ஏப்ரலில், கத்திரி வருவது மே மாதத்தில் என்றால், பழைய ஆட்கள் கணக்கில் கோட்டை விட்டார்களா? இல்லை. பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது; பருவமோ பூமியின் சாய்வை வைத்து வருகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திர ஆண்டு, பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளம். இருபது நிமிடம் ஒரு பொருட்டா என்று தோன்றும். 72 வருடத்தில் ஒரு நாள் ஆகிவிடுகிறது. 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, இரண்டு கணக்கும் பொருந்தியிருந்த ஆண்டாகக் கி.பி. 285-ஐ எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். சித்திரை முதல் தேதி, பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் விழுகிறது. கத்திரி தொடங்கும்போது சூரியன் வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் இருக்கிறது, முடியும்போது 16-ஐ நெருங்குகிறது. எட்டு என்றால் கன்னியாகுமரி. பதின்மூன்றரை என்றால் பழவேற்காடு. பதினாறு என்றால் கிருஷ்ணா நதிக்கரை. தமிழ் நிலம் முழுவதன் தலைக்கு மேலும் சூரியன் வரிசையாக நின்று கடக்கிற நாட்கள்தான் அன்றைய கத்திரி!

கத்திரி வழக்கம் அந்த நூற்றாண்டில்தான் பிறந்தது என்பதற்கு இந்தக் கணக்கு சாட்சியாகாது. கணக்கு கணக்குதான். ஆனால் பெயரின் முன்பாதி வானத்தோடு கட்டப்பட்டது, பின்பாதி தரையோடு கட்டப்பட்டது, இரண்டும் 24 நாள் விலகிப்போய்விட்டன என்பது மட்டும் ஐயமில்லாமல் தெரிகிறது. விலகல் நிற்கவும் இல்லை. இன்னும் 2000 வருடம் போனால் கத்திரி ஜூன் முதல் வாரத்தில் பிறந்து மாதக் கடைசியில் முடியும். அப்போதும் யாராவது பஞ்சாங்கத்தைப் பார்த்துக் ‘கத்திரி ஆரம்பிச்சிருச்சு, வெளியில போகாதே’ என்று பிள்ளையைத் தடுப்பார்கள். பிள்ளை குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருக்கும்.

வன்னியம்பட்டிக்கு வருடத்தில் இன்னொரு நிழலில்லா நாளும் உண்டு. தெற்கே திரும்புகிற சூரியன் ஆகஸ்ட் 28, 29 வாக்கில், ஆவணியில், மறுபடியும் உச்சிக்கு வரும். கோணம் அதே கோணம். கம்பத்தின் நிழல் அதேபோல ஒடுங்கும். இரண்டு, மூன்று மாதமாக மேல்காற்றும் மேகமும் தரையைச் சூடேற விடாமல் வைத்திருப்பதால் சித்திரை அளவுக்குச் சுடாது. முகூர்த்த மாதம் என்பதால் கல்யாண வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே அந்த மத்தியானம் கழிந்துவிடும். அந்த வெயிலுக்குப் பஞ்சாங்கத்திலும் பெயர் இல்லை, ஊரிலும் பெயர் இல்லை.